இசைத் துறைக் கச்சேரிகள்: கேட்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழக இசைத் துறையில் கச்சேரி என்று அறிவிப்பு ஒட்டிய மறுநாளே விசாரிப்புகள் ஆரம்பமாகிவிடும். பாடப்போகும் பெண்ணின் சித்தப்பா கேட்பார். வேதியியல் துறை மாணவர் கேட்பார். அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ரசிகர் விடாமல் கேட்பார். துறையில் பாடம் எடுப்பவள் என்ற முறையில் அடிக்கடி பதில் சொல்ல நேர்ந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கர்நாடக இசைத் துறைகளுக்குப் பொருந்தும்.

சபா கச்சேரிக்கும் துறைக் கச்சேரிக்கும் என்ன வித்தியாசம்?

ஜமக்காளம், தம்பூரா, வயலின், மிருதங்கம் எல்லாம் அதேதான். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்தான் வேறு. முன்வரிசையில் அந்தக் கீர்த்தனையைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் அதே கீர்த்தனையை அதே வகுப்பில் கற்ற பத்துப் பதினைந்து பேர். பாடுகிறவர் ஒரு சங்கதியை விழுங்கினால் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். சபாவில் அதையே ‘புதுப் பாடாந்தரம்’, அதாவது வேறு குருவழிப் பாடம், என்று சமாளித்துவிடலாம்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். சபாவில் வித்வான் தனக்குக் கைவந்ததைப் பாடுவார். இங்கே கைவராததையும் பாடிப் பார்ப்பார்கள். போன செமஸ்டரில் ஸ்வரம் பாடவே பயந்த பையன் இந்த முறை துணிந்து குறைப்பு (ஸ்வர அளவைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே போவது) பாடுவான். நடுவில் கணக்கு உதைக்கும். மிருதங்கக்காரர் கண்ணால் சமத்தை, தாளச் சுற்று தொடங்கும் இடத்தை, காட்டுவார். பிடித்துக்கொண்டு வந்து சேருவான். இதைக் கேட்கத்தான் துறைக்கு வரவேண்டும். முழுமையான கச்சேரிதான் வேண்டும் என்றால் மார்கழியில் சென்னைக்குப் போய்விடுங்கள்.

நான் மாணவனும் இல்லை, பெற்றோரும் இல்லை. வரலாமா? டிக்கெட் உண்டா?

தாராளமாக வரலாம். பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. வாசலில் காவலர் கேட்டால் ‘மியூசிக் டிபார்ட்மெண்ட்’ என்று சொன்னால் போதும், அவரே வழி காட்டுவார். தேர்வாக நடக்கும் கச்சேரிக்கு மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சில துறைகளில் அதற்கும் கதவு திறந்திருக்கும், சில இடங்களில் தேர்வாளர்களைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை.

எந்த மாதங்களில் நடக்கும்?

செமஸ்டர் முடியும் தறுவாயில் தேர்வுக் கச்சேரிகள். அறக்கட்டளை வைத்திருக்கும் துறைகளில் வெளி வித்வான்களை அழைத்து லெக்டெம் (பாடிக் காட்டி விளக்கும் உரை), கச்சேரி நடத்துவார்கள். யார் வருகிறார் என்பதைப் பொறுத்துத் தேதி. புஷ்ய பகுள பஞ்சமியை ஒட்டித் தியாகராஜர் ஆராதனை, அது அநேகமாக ஜனவரியில் வரும். அன்று துறையே சேர்ந்து பஞ்சரத்தினம் பாடும்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. வராளியைக் குரு நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் மனஸ்தாபம் வரும் என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. கேள்வி ஞானத்தில்தான் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். பாடத்திட்டத்தில் அச்சடித்து வைத்துவிட்டால் பாவம் ஆசிரியர் என்ன செய்வார்?

சரஸ்வதி பூஜையன்று கச்சேரி இருக்கும் என்று நினைத்து வந்துவிடாதீர்கள். வாத்தியங்கள் எல்லாம் பூஜையில் இருக்கும். மறுநாள் விஜயதசமியன்றுதான் எடுத்து வாசிப்போம்.

எவ்வளவு நேரம் பாடுவார்கள்? என்னென்ன எதிர்பார்க்கலாம்?

படிக்கும் ஆண்டைப் பொறுத்தது. முதல் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வர்ணத்தை இரண்டு காலத்தில் பிசகாமல் பாடுவதே பெரிய காரியம். நாலைந்து கீர்த்தனை பாடி எழுந்துவிடுவார்கள். இறுதியாண்டில் ஒரு மணி நேரத்தை ஒட்டிய கச்சேரி: வர்ணம், பிள்ளையார் மேல் ஒன்று, நடுவில் ஒரு சின்ன உருப்படி, ஆலாபனை நிரவல் ஸ்வரத்தோடு ஒரு பெரிய உருப்படி, கடைசியில் பதம், ஜாவளி, திருப்புகழ், தில்லானா என்று ஏதாவது. இந்த வரிசைக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைக் (1890–1967) காரணமாகச் சொல்வார்கள். கனமான வர்ணம் என்றால் பச்சிமிரியம் ஆதியப்பய்யாவின் பைரவி அட தாள வர்ணம்தான் பாடத்திட்டங்களின் செல்லப்பிள்ளை. சுற்றுக்கு 14 அட்சரம். அதை இரண்டாம் காலத்தில் அசையாமல் பாடிவிட்டால் பிள்ளைக்குக் கால் ஊன்றிவிட்டது என்று அர்த்தம்.

முதுகலையில் ராகம் தானம் பல்லவி உண்டு. ஒற்றை வரியை எடுத்துக்கொண்டு மூன்று காலம் செய்து, திஸ்ரம் (மும்மூன்றாகப் பிரிக்கும் நடை) செய்து, எடுப்பு (வரி தாளத்தில் தொடங்கும் இடம்) நழுவாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தாளம் போடும் கையைப் பாருங்கள். வாய் எங்கே போனாலும் கை நடுங்காமல் போட்டுக்கொண்டிருக்கும். நடுங்கினால் அடுத்த ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) என்ன நடக்கும் என்று முன்வரிசைக்கு முன்கூட்டியே தெரியும்.

தேர்வாளர் அப்படி என்னதான் பார்க்கிறார்?

பெற்றோர்கள் அதிகம் கேட்பது இதுதான். ‘நல்லாத்தானே பாடினா, ஏன் மார்க் குறைஞ்சுது?’

முதலில் சுருதி. தம்பூராவோடு கலந்து நிற்கிறதா, மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுத்து நீட்டி நிற்கும்போது சற்றே கீழே இறங்கிவிடுகிறதா என்று பார்ப்பார். அடுத்து லயம். கீர்த்தனை ஆரம்பித்த வேகமும் முடித்த வேகமும் ஒன்றுதானா? பயத்தில் ஓட்டம் பிடிப்பதுதான் மாணவர்களின் பொது வியாதி. பிறகு சாஹித்ய உச்சரிப்பு. தெலுங்கு தெரியாமல் தெலுங்கு பாடும்போது எங்கே பதம் பிரிக்கக்கூடாதோ அங்கே மூச்சு எடுப்பார்கள். தமிழிலும் ழகரம் மேல் ஸ்தாயியில் காணாமல் போவது வழக்கம்.

ராகத்தில்தான் நிறையப் பேர் மாட்டுவது. உதாரணத்துக்குப் பூர்வீகல்யாணியும் பந்துவராளியும். இரண்டிலும் ரிஷபம், காந்தாரம், மத்யமம் ஒன்றே. பூர்வீகல்யாணிக்குச் சதுஸ்ருதி தைவதம், பந்துவராளிக்குச் சுத்த தைவதம். ஆலாபனையில் காந்தாரத்தில் நின்று விளையாடும் வரை எல்லாம் சரியாகப் போகும். பஞ்சமத்தைத் தாண்டி மேலே ஏறும்போது தைவதம் அரை இழை கீழே சறுக்கினால் போதும், பந்துவராளி எட்டிப் பார்க்கும். பாடுகிறவருக்குத் தெரியாது, வயலின்காரருக்கு உடனே தெரியும். நல்ல வயலின்காரராக இருந்தால் சரியான தைவதத்தை ஒரு பிடியாக வாசித்து நினைவூட்டுவார். தேர்வாளர் பேனாவை எடுப்பார்.

தர்பார் – நாயகி, ஆரபி – தேவகாந்தாரி ஜோடிகளும் இதே ரகம். இவற்றில் சில சமயம் ஸ்வரம் ஒன்றாகவே இருக்கும். நடை, அசைவு, எங்கே நிற்கிறோம் என்பதில்தான் ராகம் பிரியும். தேவகாந்தாரியை வேகமாகப் பாடினால் ஆரபியாகிவிடும் என்று வகுப்பில் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருப்போம். பரீட்சை அவசரத்தில் யாராவது அதைப் பாடியே நிரூபிப்பார்கள்.

கல்பனை ஸ்வரத்தில் எடுப்பு. ஆதி தாளத்தில் சமத்தில் எடுக்கும் பாட்டு என்றால் சமாளிக்கலாம். அரை இடம், ஒன்றரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டில் ஸ்வரம் பாடிவிட்டு அந்த இடத்துக்கே வந்து விழ வேண்டும். வீட்டில் மனப்பாடம் செய்து வந்த கோர்வையா (முடிவில் வைக்கும் கணக்கு), அங்கேயே தோன்றியதா என்பதும் கேட்பவருக்குத் தெரியும். மனப்பாடக் கோர்வை குற்றமில்லை, எல்லா வித்வான்களும் கைவசம் வைத்திருப்பார்கள். ஆனால் சின்னச் சின்ன ஆவர்த்தன ஸ்வரம்கூட ஒப்பித்ததாக இருந்தால் மனோதர்மத்துக்கு (அங்கேயே கற்பனையில் பாடுவதற்கு) என்று ஒதுக்கிய மதிப்பெண்ணை எப்படிப் போடுவது?

குரல் இனிமைக்கு மார்க் உண்டா என்று கேட்டால், தனியாகக் கிடையாது. நல்ல குரல் உள்ளவர் சாதகம் செய்யாமல் தப்பித்துக்கொண்டே இருப்பார் என்பது என் அனுபவம்.

பக்கவாத்தியம் யார் வாசிப்பார்கள்?

அந்தந்த வாத்தியம் படிக்கும் மூத்த மாணவர்கள், போதாவிட்டால் வெளியிலிருந்து. வாய்ப்பாட்டு படிப்பவர் கூட்டம், வயலின் படிப்பவர் கொஞ்சம். அதனால் தேர்வு நாளில் ஒரே வயலின் பிள்ளை காலையிலிருந்து மாலை வரை அடுத்தடுத்து ஐந்தாறு பேருக்கு வாசிக்கும். ஆண் பிள்ளைக்குச் சுருதி ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. அடுத்து வரும் பெண்ணுக்கு ஐந்து, ஐந்தரை. ஒவ்வொரு முறையும் நான்கு தந்தியையும் ஏற்றி இறக்க வேண்டும், அவசரத்தில் திருகினால் அறுந்துவிடும். மிருதங்கத்தை அவ்வளவு தூரம் ஏற்றி இறக்கவே முடியாது. தக்கு (தாழ்ந்த) சுருதி, ஹெச்சு (உயர்ந்த) சுருதி என்று இரண்டு மிருதங்கம் கொண்டுவருவார்கள். இடது பக்கத் தொப்பியில் ரவையைத் தண்ணீரில் குழைத்து அப்புவதையும், வலது பக்க விளிம்பைக் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதையும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டுமானால் கால் மணி நேரம் முன்னால் வந்துவிடுங்கள். சபாவில் இதெல்லாம் திரைக்குப் பின்னால் நடந்து முடிந்துவிடும்.

கச்சேரி முடிந்ததும் பாடிய பிள்ளையை மட்டும் வாழ்த்திவிட்டுப் போகாதீர்கள். அந்த வயலின் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஆப்பிலேயே தம்பூரா வருகிறதே, எதற்கு அந்தப் பெரிய வாத்தியம்?

ஆப் தவறில்லை. வீட்டில் சாதகம் செய்ய அதைவிட வசதி கிடையாது. ஆனால் துறையில் தம்பூரா சேர்க்கக் கற்பது பாடத்தில் ஒரு பகுதி. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்தி. குதிரைக்கும் தந்திக்கும் இடையில் ஒரு நூலிழையைச் செருகி, அதை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். ஓர் இடத்தில் வரும்வரை தந்தி ‘டங்’ என்று மொட்டையாகப் பேசும். அந்த இடம் வந்ததும் ரீங்காரம் விரிந்துகொண்டே போகும், தட்டாத காந்தாரம்கூடக் காதில் விழும். ஜீவா பிடித்துவிட்டது என்போம். இதைத் தானே செய்து பார்த்த பிள்ளைக்குச் சுருதி பிசகினால் உடம்பே சொல்லும்.

ஏசி அறை தம்பூராவுக்கும் மிருதங்கத்துக்கும் எதிரி. பத்து நிமிடத்தில் சுருதி நகர்ந்துவிடும். புழுக்கமாக இருக்கிறதே, ஏசியைப் போடக்கூடாதா என்று கேட்காதீர்கள்.

மைக் வைப்பீர்களா?

சின்னக் கூடமாக இருந்தால் வேண்டாம் என்பதே என் கட்சி. மைக் இல்லாமல் பாடும்போதுதான் குரலை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று தெரிகிறது. விழா மண்டபத்தில் வேறு வழியில்லை, மைக் உண்டு, கூடவே ஃபீட்பேக் கூச்சலும் உண்டு.

எங்கே கைதட்டுவது?

ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும். ஆலாபனை முடிந்ததும், அதற்கு வயலின் பதில் முடிந்ததும். மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வை வந்து விழுந்து பாட்டு மறுபடி எடுக்கப்படும்போது. நடுவில் நல்ல பிடி ஒன்று விழுந்தால் ‘பலே’, ‘ஆஹா’ சொல்லலாம். பாடுகிற பிள்ளைக்கு அது குளுக்கோஸ். உரக்கத் தாளம் போடுவதாக இருந்தால் சரியாகப் போடுங்கள். அட தாளத்துக்கு ஆதி தாளம் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் பாடுகிறவர் கண்ணை மூடிக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

தனி ஆரம்பித்ததும் எழுந்து கேன்டீனுக்குப் போகும் பழக்கத்தைச் சபாவோடு விட்டுவிட்டு வாருங்கள். மிருதங்கம் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம்தான் தேர்வு.

தமிழ்ப் பாட்டு பாடுவார்களா, எல்லாம் தெலுங்குதானா?

இரண்டும் உண்டு. கேள்வி பழையது, அதன் கதையே ஒரு பல்கலைக்கழகத்தில்தான் சூடுபிடித்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது. இசைக் கல்லூரியும் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் வைத்ததுதான். டைகர் வரதாச்சாரியார் அங்கே முதல்வராக இருந்திருக்கிறார், பிற்காலத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் இசைத் துறையை நடத்தினார். தமிழ் மண்ணில் இசை கற்கும் பிள்ளை தமிழில் பாடக் கற்காமல் போவதா என்று செட்டியார் கேட்டார். 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்ப் பாடல்களுக்கு முதலிடம் என்று தீர்மானம் வந்தது. சென்னை வித்வான்களும் சபாக்காரர்களும் பலர் எதிர்த்தார்கள். சங்கீதத்துக்குப் பாஷை ஏது என்பது அவர்கள் வாதம். ராஜாஜியும் கல்கியும் ரசிகமணி டி.கே.சி.யும் செட்டியார் பக்கம் நின்றார்கள். பத்திரிகைகளில் வாரக்கணக்கில் சண்டை. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது அதன் விளைவு.

இன்று துறைப் பாடத்திட்டங்களில் தேவாரப் பண், திருப்புகழ், சீர்காழி முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. ஆனாலும் தேர்வில் ‘மெயின்’ எடுக்கச் சொன்னால் பிள்ளைகள் தெலுங்குக் கீர்த்தனைக்கே போகிறார்கள். ஆலாபனை, நிரவல், ஸ்வரம் செய்யத் தோதான இடம் எது என்று குருபரம்பரையாகப் பாடிக் காட்டப்பட்டவை அவை. தமிழ் உருப்படிகளிலும் அப்படி நிரவலுக்கு வரிகள் ஏராளம். வகுப்பில் ஆசிரியர்கள் எடுத்துப் பாடிக் காட்டுவது குறைவு. இந்தக் குறை எங்களைச் சேர்ந்தது.

எனக்கு ராகம் தாளம் ஒன்றும் தெரியாது. வந்து என்ன பண்ணுவேன்?

பல்லவியின் முதல் வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது திரும்பத் திரும்ப வரும், வரும்போதெல்லாம் கொஞ்சம் மாறி வரும். என்ன மாறியது என்று மட்டும் கவனித்தால் போதும், சங்கதி என்பது அதுதான். நிரவல் வந்தால் அதே வேலையை ஒரே வரியை வைத்து நீட்டிச் செய்கிறார்கள். ராகத்தின் பெயர் தெரியவில்லையே என்று பக்கத்தில் இருப்பவரை நச்சரிக்க வேண்டாம். பாட்டு முடிந்ததும் எந்த மாணவரைக் கேட்டாலும் சொல்வார், கேட்காத ஆரோகண அவரோகணத்தையும் சேர்த்துச் சொல்வார்.

இங்கே படித்தவர்கள் எல்லோரும் வித்வான் ஆகிறார்களா?

இல்லை. பள்ளி இசை ஆசிரியர்களாகப் பலர் போகிறார்கள், வீட்டிலும் இணையத்திலும் சொல்லிக்கொடுப்பவர்கள் பலர், சிலர் வானொலி ஆடிஷனில் பாடி பி கிரேடு, பி ஹை என்று ஏறுகிறார்கள். முழுநேரக் கச்சேரிக்காரர்கள் மிகச் சிலரே. பட்டம் மேடைக்கு டிக்கெட் இல்லை என்று சேரும் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது. அதே சமயம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி போன்றவர்கள் இசையைப் பாடமாகவே எழுதிப் படிக்க வைத்த பிறகுதான், குருகுலத்தில் இடம் கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு வாசல் திறந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

தமிழ்நாட்டுக்கு வெளியே இப்படித் துறைகள் உண்டா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்தது இப்போது தனிப் பீடமாக இருக்கிறது, மருதனார்மடத்தில். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். ‘யாழ் நூல்’ எழுதிய அதே விபுலாநந்தர்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தவர்.

அமெரிக்காவில் கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகம். பாலசரஸ்வதியின் தம்பிகள் ரங்கநாதன் மிருதங்கமும் விஸ்வநாதன் புல்லாங்குழலும் பாட்டும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். விஸ்வநாதனிடம் கற்றுத் தமிழ்நாட்டு மேடைகளில் பாடிய ஜான் ஹிக்கின்ஸைப் பழைய ரசிகர்கள் ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே சொல்வார்கள். வெஸ்லியனில் நவராத்திரி விழாக் கச்சேரிகள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன.

வீடியோ எடுக்கலாமா?

உங்கள் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றப் பிள்ளைகளை எடுத்தால் அவர்களைக் கேட்காமல் எங்கும் ஏற்றாதீர்கள். தாளம் தப்பிய முப்பது விநாடி வாட்ஸ்அப்பில் சுற்றினால் அந்தப் பிள்ளை அடுத்த முறை மேடை ஏறாது. ஃபிளாஷ் வேண்டாம்.

மகளைச் சேர்க்க நினைக்கிறோம். கச்சேரிக்கு அழைத்துவரலாமா?

அழைத்து வாருங்கள், சேர்க்கைக்கு முன் அதைவிட நல்ல விசாரணை கிடையாது. முதல் ஆண்டுப் பிள்ளையும் இறுதியாண்டுப் பிள்ளையும் பாடும் நாளாகப் பார்த்து வந்தால், இரண்டு பேருக்கும் உள்ள தூரம்தான் அந்தத் துறை சொல்லிக்கொடுக்கிற அளவு. சேர்க்கையின்போது பாடிக் காட்டச் சொல்வார்கள்: சரளி, ஜண்டை, அலங்காரம், ஒரு வர்ணம் தெரிந்திருந்தால் தைரியமாக வரலாம். பல இடங்களில் அடிப்படையிலிருந்தே ஆரம்பிக்கும் சான்றிதழ், பட்டயப் படிப்புகளும் இருக்கின்றன. அந்தந்தத் துறை அலுவலகத்தில் கேளுங்கள், மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை தவிர.